அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்: ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வதும் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 69 வயது. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 16 என்று வந்தது. பயாப்சி (சுரப்பியிலிருந்து ஊசியால் சிறு துண்டுகள் எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள், புராஸ்டேட் புற்றுநோய், க்ளீசன் 4+3 என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்துவிடலாம் என்கிறார். கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சும் சில மாத ஹார்மோன் ஊசியும் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், இன்னும் விஷயம் தெரியாத அப்பாவிடம் எப்படிச் சொல்வது, 44 வயதான உங்களுக்கும் இது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவசரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் எழுத்தில் அதுதான் அதிகம் தெரிகிறது. இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சுரப்பிக்குள் இருக்கும் கட்டி பல ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கும். பயாப்சி ஊசியால் ஏற்பட்ட வீக்கம் அடங்கட்டும் என்று அறுவை சிகிச்சை நிபுணர்களே ஆறு முதல் எட்டு வாரம் காத்திருப்பது வழக்கம். அந்த வாரங்களை இரண்டு மருத்துவர்களையும் மறுபடி பார்க்கவும், விடுபட்ட பரிசோதனைகளைச் செய்யவும், அப்பாவோடு பேசவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பாவுக்குப் புதிதாகக் கடுமையான முதுகுவலி, கால்களில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், திடீரென்று சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தினால் இப்படி வரும். அதில் சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடலாம். உங்கள் அப்பாவுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, அப்பாவிடம் சொல்லுங்கள். இதை நான் ஒழுக்கம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் "எந்தச் சிகிச்சை" என்ற கேள்விக்கு அவர் இல்லாமல் பதிலே கிடையாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கசியலாம்; அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? தாம்பத்திய வாழ்க்கை அவருக்கு இன்னும் முக்கியமா? வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் மருத்துவமனைக்குப் போய்வர அவருக்குத் தெம்பும் பொறுமையும் உண்டா? இவற்றுக்கெல்லாம் மகன் பதில் சொல்ல முடியாது. அவரே சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், ஊசியின் விளைவுகளை அவர் உடம்பே உணரப்போகிறது. மறைத்தது பிறகு தெரிந்தால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் அவர் நம்ப மாட்டார். மருத்துவர் அறையிலேயே, மருத்துவர் வாயால் சொல்லச் சொல்வது பல குடும்பங்களில் எளிதாக இருக்கிறது. "புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது, எது வேண்டும் என்று நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்" என்ற அளவில் நிறுத்திவிட்டு, அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எல்லா எண்களையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம்.

சரி, இனி ரிப்போர்ட்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் ஒரு சிறிய சுரப்பி. விந்துத் திரவத்தின் ஒரு பகுதி அங்கே சுரக்கிறது. இந்த இருப்பிடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் தானாகப் புரியும். சிகிச்சையின் பக்கவிளைவுகள் ஏன் சிறுநீர், மலக்குடல், விறைப்பு என்ற மூன்று இடங்களில் வருகின்றன என்பதற்கு இதுதான் காரணம். புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், சிறுநீர்க் குழாயிலிருந்து தள்ளித் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பது, சொட்டுச் சொட்டாக வருவது எல்லாம் பெரும்பாலும் வயதானால் வரும் சாதாரண வீக்கத்தால் வருபவை. ஆகவே "தொந்தரவு அதிகமாக இருக்கிறது, நோய் முற்றிவிட்டது" என்றோ, "தொந்தரவே இல்லை, நோய் சின்னது" என்றோ கணக்குப் போடாதீர்கள்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம். நல்ல செல்லும் உண்டாக்கும், புற்று செல்லும் உண்டாக்கும். சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, கதீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்) போட்டது எதனாலும் அது கூடும். முடி உதிர்வுக்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி.எஸ்.ஏ. சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்பா அவற்றில் ஒன்றைச் சாப்பிட்டு வந்திருந்தால் அவருடைய 16 உண்மையில் 32-க்குச் சமம். அபாயக் கணக்கே மாறிவிடும். மருந்துச் சீட்டை எடுத்து இன்றே பாருங்கள். நோய் கண்டறியப்பட்ட பிறகு பி.எஸ்.ஏ.வை 10-க்குக் கீழ், 10 முதல் 20, 20-க்கு மேல் என்று மூன்று படிகளாகப் பார்ப்பார்கள்.

க்ளீசன் மதிப்பெண்ணில்தான் குடும்பங்கள் அதிகம் குழம்புகின்றன. நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் செல்களின் அமைப்பைப் பார்த்து, அதிகமாகத் தெரியும் வடிவத்துக்கு ஓர் எண்ணும் அடுத்ததாகத் தெரியும் வடிவத்துக்கு ஓர் எண்ணும் கொடுத்துக் கூட்டுகிறார். பயாப்சி ரிப்போர்ட்டுகளில் நடைமுறையில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6 தான், அதாவது 3+3. பத்துக்கு ஆறா என்று பயந்துபோகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது பட்டியலின் அடிமட்டம். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான் இப்போது 1 முதல் 5 வரை கிரேடு குரூப் என்றும் சேர்த்து எழுதுகிறார்கள். 3+3 குரூப் 1, 3+4 குரூப் 2, 4+3 குரூப் 3, மொத்தம் 8 என்றால் குரூப் 4, 9-ம் 10-ம் குரூப் 5. 3+4, 4+3 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7 என்றாலும் அவை ஒன்றில்லை. உங்கள் அப்பாவுக்கு முதல் எண் 4, அதாவது தீவிரம் கூடிய வடிவமே அதிகம் இருக்கிறது. நடுவில் இருக்கும் குரூப் 3. சும்மா விட்டுவிடக்கூடியதில்லை, கைவிட வேண்டியதும் இல்லை.

அதே ரிப்போர்ட்டில் எத்தனை ஊசித் துண்டுகளில் புற்று இருந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் என்று இருக்கும். பன்னிரண்டில் இரண்டு என்பதற்கும் பதினொன்று என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இன்னொரு யோசனை: பயாப்சி ஸ்லைடுகளை இந்த நோயை அதிகம் பார்க்கும் வேறொரு நோயியல் மருத்துவரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 3-க்கும் 4-க்கும் இடையில் நிபுணர்களே வேறுபடுவதுண்டு, அந்த ஓர் எண்ணில் சிகிச்சையே மாறலாம். அப்பாவை மறுபடி குத்த வேண்டியதில்லை. ஸ்லைடும், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் மருத்துவமனையில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

இப்போது என் உண்மையான கவலைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஸ்கேன் பற்றி ஒரு வரிகூட இல்லை. பி.எஸ்.ஏ. 16, க்ளீசன் 4+3 இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அப்பா நடுத்தர அபாயப் பிரிவில், அதிலும் கொஞ்சம் சாதகமற்ற பக்கத்தில் இருக்கிறார். இந்த நிலையில் நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, அதன் வெளி உறையைத் தாண்டிவிட்டதா, நிணநீர்க் கணுக்களுக்கோ எலும்புக்கோ போய்விட்டதா என்று பார்க்காமல் அறுவையா கதிர்வீச்சா என்று விவாதிப்பதில் பொருள் இல்லை. சுரப்பியின் எம்.ஆர்.ஐ. ஒன்று வேண்டும். பயாப்சிக்கு முன்பே எடுத்திருந்தால் நல்லது. இனிமேல்தான் என்றால், பயாப்சி ரத்தக்கசிவு படத்தைக் குழப்பாமலிருக்கச் சில வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள். பரவல் இருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் பழைய வழி. புராஸ்டேட் புற்று செல்களின் மேலிருக்கும் ஒரு புரதத்தைத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் புதிய வழி. அதிக அபாயமுள்ள நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பி.எஸ்.எம்.ஏ. பெட்டின் துல்லியம் 92 சதவீதம், பழைய வழியின் துல்லியம் 65 சதவீதம். கிடைக்கும் வசதியைப் பொறுத்து எதைச் செய்வது என்று மருத்துவர் சொல்வார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வீட்டில் பிரித்துப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு ஸ்கேனில் மூட்டுத் தேய்மானமும் பழைய எலும்பு முறிவும்கூடப் பளிச்சென்று தெரியும். பி.எஸ்.எம்.ஏ. பெட்டில் விலா எலும்பில் ஒரேயொரு மங்கலான புள்ளி இருந்தால் பல நேரம் அது புற்றே இல்லை.

ஸ்கேனில் பரவல் இல்லை என்று வந்தால், உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டு மருத்துவர்கள் சொல்வதும் சரி. அப்பாவின் நிலையில் அறுவை சிகிச்சையும், ஹார்மோன் சேர்த்த கதிர்வீச்சும் இரண்டுமே குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்படும் முறையான சிகிச்சைகள். ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த வழியைச் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. இதை நேரடியாக ஒப்பிட்ட பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்த 'புரோடெக்ட்'. 1643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, 15 ஆண்டுகள் கழித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய 3 சதவீதம்தான், குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நோய் பரவியது மட்டும் கண்காணிப்புக் குழுவில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைவிடக் குறைந்த அபாயம் உள்ளவர்கள். அதனால் "ஒன்றும் செய்யாமல் கண்காணிக்கலாம்" என்ற பகுதியை அவருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அறுவையும் கதிர்வீச்சும் ஏறத்தாழ இணையாக நின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக, தேர்வு பெரும்பாலும் பக்கவிளைவுகளிலும் அப்பாவின் மற்ற உடல்நிலையிலும் வந்து நிற்கிறது.

அறுவை சிகிச்சையில் சுரப்பியையும் விந்துப் பைகளையும் முழுதாக எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் கீழே குழாயோடு இணைப்பார்கள். இப்போது பல இடங்களில் ரோபோ உதவியோடு செய்கிறார்கள். ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறையும். ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடும் விறைப்பும் மிஞ்சுவது கருவியைவிடக் கையின் அனுபவத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், நல்ல நிபுணர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்று இரண்டு வாரம் கதீட்டரோடு வீட்டுக்கு வருவார். அதை எடுத்ததும் கசிவு தொடங்கும். இது எதிர்பார்க்க வேண்டியதே. புரோடெக்ட் ஆய்வில் அறுவைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு 46 சதவீதம் பேர் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள், ஆறு ஆண்டு கழித்து 17 சதவீதம் பேர். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டால் கட்டுப்பாடு சீக்கிரம் திரும்பும். விறைப்பு நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டி ஓடுகின்றன. கட்டி அவற்றுக்கு அருகில் இல்லையென்றால் காப்பாற்றப் பார்ப்பார்கள். 69 வயதில், முன்பே குறைந்திருந்தால், முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

அறுவையின் பெரிய அனுகூலம் தெளிவு. எடுத்த சுரப்பியை முழுதாக ஆராய்ந்து உண்மையான கிரேடு என்ன, வெளி உறையைத் தாண்டியதா என்று சொல்லிவிடுவார்கள். பி.எஸ்.ஏ. சில வாரங்களில் அளக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ பிறகு 0.2 வரை ஏறினாலோ நோய் மிச்சம் இருக்கிறது என்று பொருள், அப்போது கதிர்வீச்சு கொடுக்கலாம். 2020-ல் வெளியான 'ராடிகல்ஸ்' ஆய்வுக்குப் பிறகு, அறுவை முடிந்த எல்லோருக்கும் உடனே கதிர்வீச்சு கொடுக்காமல் பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கும்போது கொடுப்பதே பெரும்பாலோருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் உங்கள் அப்பாவின் கிரேடில் இரண்டாவது சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு சிறியதில்லை. "அறுவை செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது" என்று எண்ணி உள்ளே போகாதீர்கள்.

கதிர்வீச்சில் வெட்டு இல்லை, மயக்க மருந்து இல்லை. முன்பு ஏழெட்டு வாரம் ஆனது. 2016-ல் வந்த 'சிப்' ஆய்வுக்குப் பிறகு 20 தவணைகளில், நான்கு வாரத்தில் முடிப்பது பரவலாகிவிட்டது. சிலருக்கு ஐந்தே தவணைகளிலும் முடிக்கிறார்கள். அது அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப்பாருங்கள். கதிரியக்கப் பொருளைச் சுரப்பிக்குள்ளேயே வைக்கும் பிராக்கிதெரபி என்ற முறையும் உண்டு, தனியாகவோ வெளிக் கதிர்வீச்சோடு சேர்த்தோ. சிகிச்சை நடக்கும் வாரங்களில் அடிக்கடி சிறுநீர், எரிச்சல், மலம் இளகுதல், சோர்வு இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். சிலருக்கு மட்டும் ஓரிரு ஆண்டு கழித்து மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ ரத்தக்கசிவு வரலாம். விறைப்புக் குறைவு அறுவையில் உடனே வருகிறது, கதிர்வீச்சில் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருகிறது. பி.எஸ்.ஏ. பூஜ்யத்துக்குப் போகாது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் மெதுவாக இறங்கி ஒரு தாழ்நிலையில் நிற்கும். நடுவில் கொஞ்சம் ஏறி இறங்குவதும் உண்டு. அந்தத் தாழ்நிலையிலிருந்து 2 கூடினால்தான் திரும்பி வந்ததாகக் கணக்கு. இது தெரியாமல், 0.3 என்பது 0.6 ஆனதற்குக் குடும்பமே கலங்கிப்போகும்.

எதை எப்போது தேர்வு செய்வது என்றால், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, மயக்க மருந்து தாங்காத நுரையீரல் எல்லாம் கதிர்வீச்சின் பக்கம் தள்ளும். சுரப்பி மிகப் பெரிதாக இருப்பது, சிறுநீர் அடைப்பு கடுமையாக இருப்பது, குடல் அழற்சி நோய், முன்பு இடுப்பில் கதிர்வீச்சு பெற்றது இவை அறுவையின் பக்கம் தள்ளும். ஒன்றை மறக்காமல் எடைபோடுங்கள்: அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுப்பது சாதாரணம், கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்வது கடினம், செய்பவர்களும் குறைவு. ஆனாலும் இதை மட்டும் காரணமாக வைத்து 69 வயதுக்காரரை அறுவைக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. வேறு நோய் இல்லாத, நல்ல தெம்புள்ள 69-ம், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த 69-ம் ஒன்றில்லை. அப்பாவின் இதயம், சர்க்கரை, நடமாட்டம் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் எந்தப் பக்கம் என்று நான் சொல்வது பொறுப்பாக இருக்காது.

ஹார்மோன் ஊசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வெறும் ஊசிதானே" என்று குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. இந்தப் புற்று வளர்வதற்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அதை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்று 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். லூப்ரோலைடு, கோசரலின் போன்ற ஊசிகள் மூளையிலிருந்து விதைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்துகின்றன. தொடங்கிய முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் கூடிவிட்டுத்தான் குறையும், அதற்காக முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். டெகரலிக்ஸ் ஊசியிலும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையிலும் இந்தத் தொடக்க ஏற்றம் இல்லை. அப்பா நிலையில் கதிர்வீச்சோடு சேர்த்து நான்கு முதல் ஆறு மாதம் கொடுப்பது வழக்கம், அதிக அபாயம் என்றால் ஒன்றரை முதல் மூன்று ஆண்டு.

இதன் விளைவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும், வேர்க்கும். தசை குறைந்து வயிறு போடும். இச்சை போய்விடும். எலும்பு வலுவிழக்கும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். சிலர் சட்டென்று கண்கலங்குவார்கள், எரிந்து விழுவார்கள், ஒன்றிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், ஹார்மோன் குறைந்ததன் வேலை அது. மருந்தைவிட இங்கே அதிகம் உதவுவது உடற்பயிற்சி. நடை மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். அது தசையையும் எலும்பையும் காக்கும், சோர்வையும் குறைக்கும். நீண்ட நாள் ஊசி என்றால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி, கால்சியம் பற்றிக் கேளுங்கள். இதய நோய் இருந்தால் ஊசி தொடங்கும் முன் இதய மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குரூப் 1, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழ் என்று ரிப்போர்ட் வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அந்த நிலையில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே இல்லாமல், பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்படும்போது மறு பயாப்சி என்று தொடர்ந்து கண்காணிப்பதுதான் முதல் பரிந்துரை. அதை அலட்சியம் என்று நினைத்து அறுவைக்கு வற்புறுத்த வேண்டாம்.

ஸ்கேனில் பரவல் தெரிந்தால் என்ன? அப்போது அறுவையா கதிர்வீச்சா என்ற கேள்வி பின்னுக்குப் போய், உடல் முழுவதற்குமான சிகிச்சை முன்னுக்கு வரும். எலும்புக்குப் போயிருந்தாலும் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது, புராஸ்டேட் புற்றாகவே இருந்து ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படும். முழுக் குணம் என்று மருத்துவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆனால் பல ஆண்டுகள் அடக்கி வைக்க முடிகிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியது இதுதான்: ஊசி மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் போய், தொடக்கத்திலேயே இன்னொரு மருந்தையும் சேர்க்கிறார்கள். 2015-ல் டோசிடாக்சல் கீமோவும், 2017-ல் அபிராட்டிரோன் மாத்திரையும் ஊசியோடு சேரும்போது ஆயுள் நீள்கிறது என்று நிரூபணமானது. என்சலூட்டமைடு, அபலூட்டமைடு, டரோலூட்டமைடு அதன் பிறகு வந்தவை. பரவல் சில இடங்களில் மட்டும் என்றால் புராஸ்டேட்டுக்கும் கதிர்வீச்சு கொடுப்பது பலன் தருகிறது. பரவிய நோய்க்கு ஊசி மட்டும்தான் என்று யாராவது சொன்னால், இரண்டாவது மருந்து ஏன் வேண்டாம் என்று காரணம் கேளுங்கள். வயதோ, வேறு நோயோ நியாயமான காரணமாக இருக்கலாம், ஆனால் காரணம் சொல்லப்பட வேண்டும். ஹார்மோனுக்குக் கட்டுப்படாமல் போகும் கட்டத்துக்கும் கீமோ, லுட்டீஷியம் கதிரியக்க மருந்து, சில மரபணு மாற்றங்கள் இருந்தால் ஓலாபரிப் என்று வழிகள் உண்டு. அந்தக் கட்டத்தை இப்போதே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு சிறு விஷயம், ஆனால் பலர் தவறும் இடம். புற்றுநோய் என்றதும் சத்து மாத்திரைகளை வாங்கிக் குவிக்கிறோம். புராஸ்டேட் புற்றைத் தடுக்குமா என்று வைட்டமின் ஈ-யைப் பரிசோதித்த பெரிய அமெரிக்க ஆய்வின் 2011 முடிவில், அதைச் சாப்பிட்டவர்களிடம் நோய் 17 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அப்பா எந்த மாத்திரை, லேகியம், பொடி சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் பி.எஸ்.ஏ.வைக் குறைத்துக் காட்டி நோயை மறைக்கவும் கூடும்.

அடுத்த முறை போகும்போது எல்லா ரிப்போர்ட்டும் தேதி வாரியாக ஒரே கோப்பில் இருக்கட்டும், பழைய பி.எஸ்.ஏ. எண்கள் உட்பட. இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வழியில் போனால், ஓராண்டு கழித்து அப்பாவின் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? ஐந்து ஆண்டு கழித்து?" புள்ளிவிவரத்தில் வராத பல விஷயங்கள் அந்தப் பதிலில் வரும். இந்த நோயாளிகளை எல்லாத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து விவாதிக்கும் குழு அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் அப்பாவின் ரிப்போர்ட்டை அங்கே வைக்கச் சொல்லுங்கள். அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். கசிவும் ஊசியின் மாற்றங்களும் அவர் வாழ்க்கையையும் தொடப்போகிறவை.

கடைசியாக நீங்கள். அப்பாவுக்கு இந்த நோய் இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் குடும்பத்தில் இவர் ஒருவருக்கு மட்டும், அதுவும் 69 வயதில் வந்தது என்றால் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் சித்தப்பா, பெரியப்பாவுக்கு இதே நோய் வந்ததா, அப்பா வழியில் அத்தை, பாட்டி யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்ததா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பி.ஆர்.சி.ஏ.-2 போன்ற மரபணு மாற்றம் இவை எல்லாவற்றையும் இணைக்கக்கூடியது. அப்படி இருந்தாலோ, அப்பாவின் நோய் பரவியிருப்பதாகத் தெரிந்தாலோ, அவருக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். பரவிய நோய் உள்ளவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குப் பிறப்பிலேயே இப்படியொரு மாற்றம் இருப்பது 2016-ல் வந்த ஆய்வில் தெரிந்தது. அவருக்கு இருந்தால் உங்களுக்கு மட்டுமின்றி உங்கள் அக்கா தங்கைகளுக்கும் அது சம்பந்தப்பட்டது. இல்லையென்றால், 45 வயதானதும் ஒரு பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து அடுத்தது எப்போது என்று மருத்துவர் சொல்வார்.

ஸ்கேன் முடிவு வந்ததும் அதையும், அப்பா சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும், இதய நோய், சர்க்கரை பற்றிய விவரத்தையும் எழுதுங்கள். அப்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதைப் பற்றி இன்னும் குறிப்பாகப் பேசலாம்.